ஃபுதாமிக் கரையின் சிப்பிக்காரி

நாற்பதைத் தாண்டிய பிறகும் ஜப்பானின் ஃபுதாமிக் கரையில் ஒஷிகேவைவிட ஆழம் போய்ச் சிப்பி பெயர்த்து வருகிறவள் யாரும் இல்லை. உப்புத் தண்ணீர் அவள் குரலைக் கரகரப்பாக்கி, முடியைச் செம்பட்டையாக்கியிருந்தது. தோள்கள் கணவனுடையதைவிட அகலம். படகிலிருந்து கயிறு இழுத்து அவளை மேலே கொண்டுவருகிறவன் அவன்தான். அந்த அகலத்தில் அவனுக்குப் பெருமை.

இசே கோயிலுக்கு வரும் யாத்திரிகர்கள் கடற்கரையையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். அவர்களை நம்பிக் கடை வைத்திருந்த ஹன்பெய், ஒரு வசந்தத்தில் எடோ என்ற பெருநகரத்திலிருந்து மர அச்சுப் படங்களை வரவழைத்தான். சிப்பி எடுக்கும் பெண்கள் மூவர் பாறைமேல் இருக்கும் படம். பால் வெள்ளை உடம்பு, மூங்கில் குருத்துபோல் கை, சிவப்பு இடுப்புத்துணி, நனைந்தும் கலையாத கொண்டை. மூவருக்கும் ஒரே முகம்.

முங்கிவிட்டு வந்த பெண்கள் கரைக் குடிசையில் தீக் காய்ந்துகொண்டிருந்தபோது அவர்களில் ஒருத்தி அதைக் கொண்டுவந்து காட்டினாள்.

"இவ எப்படிடீ முங்குவா? இந்தக் கழுத்து காத்தடிச்சாலே ஒடிஞ்சிருமே!" என்றாள் ஒஷிகே. எல்லோரும் சிரித்ததில் ஒருத்திக்குப் புரையேறியது.

சிரிப்பு நீடிக்கவில்லை. படம் வாங்கியவர்கள் கரைக்கு இறங்கி வரத் தொடங்கினார்கள்.

"ஏம்மா, சிப்பி எடுக்குற பொண்ணுங்க எங்க?" என்று ஒருவன் ஒஷிகேவிடமே கேட்டான்.

"நாங்கதான்யா."

அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்பிப் போனான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வருகிறவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்த ஹன்பெய், அக்காள் மகள் ஒமினேயை அழைத்துவந்தான். முகத்தில் வெள்ளை மாவு பூசி, சிவப்புத் துணி உடுத்தி, கூடையோடு கரையை அடுத்த கடல்பாறையில் உட்கார வைத்தான். கூட்டம் கூடியது. ஒஷிகே கோபமாக நீந்திப் போய்க் கேட்டாள்.

"உனக்கு நீச்சல் தெரியுமாடீ?"

"தெரியாதுக்கா. மாமா சும்மா உக்காரத்தான் சொன்னாரு."

பெண்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. கரையேறி ஹன்பெய்யிடம் சொன்னாள்: "தண்ணி ஏறுது. அவள எறக்கிரு."

"உன் வேலையப் பாரு. உன்னப் பாக்கவா இத்தன பேரு வந்திருக்காங்க?"

அவள் வேலைக்குப் படகேறினாள். ஆனால் படகை அந்தப் பாறைப் பக்கமே நிறுத்தச் சொன்னாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஒரு பெரிய அலை பாறையை வழித்துக்கொண்டு போனது. கரையில் அலறல். ஒஷிகே குதித்தாள். நனைந்த துணி ஒமினேயின் கால்களைச் சுற்றியிருந்தது. அதைக் கிழித்தெறிந்து, கொண்டையைப் பற்றிக்கொண்டு தன் இடுப்புக் கயிற்றை ஆட்டினாள். கணவன் இருவரையும் சேர்த்து இழுத்துப் போட்டான்.

குடிசைத் தீயருகே பெண்கள் ஒமினேயின் முதுகைத் தேய்த்துச் சூடேற்றினார்கள். மாவெல்லாம் கரைந்துபோய், முகத்தில் அம்மைத் தழும்புகள் தெரிந்தன. ஹன்பெய் வாசலிலேயே குனிந்து நின்றான்.

"ஒஷிகே, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"படத்த விக்க வேணாங்கல. ஆனா வரைஞ்சவன் கடலையே பாத்ததில்லன்னு வாங்குறவங்ககிட்ட சொல்லு."

அவன் யாரிடமும் சொல்லவில்லை. படம் விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாறையில் அதன்பிறகு யாரையும் உட்கார வைக்கவில்லை.

ஒமினே ஊர் திரும்பி ஒரு சீப்புக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள். ஒஷிகே அறுபது வயது வரை முங்கினாள். காது மந்தமான பிறகு படகில் உட்கார்ந்து மருமகளுக்குக் கயிறு பிடித்தாள். மருமகள் வெறுங்கையோடு மேலே வந்தால், கரை முழுக்கக் கேட்கும்படி திட்டுவாள்.