கைதட்டின இடத்துல வெட்டு

என் ரெக்கார்டிங் கடையில ஒரு சட்டம் உண்டு. மைக் முன்னால பேசுறவுக தப்பாப் பேசிட்டா "அடடா", "சாரி"ன்னு இழுக்கக் கூடாது. ஒரே ஒரு கைதட்டு. அப்புறம் அந்த வரிய முதல்லருந்து பேசணும். அம்புட்டுதான். பேச்செல்லாம் கம்ப்யூட்டர்ல குட்டையும் நெட்டையுமாக் கோடாத் தெரியும். கைதட்டுன இடம் மட்டும் கருவக்காட்டுக்கு நடுவுல நிக்கிற பனை மாதிரி உசந்து நிக்கும். ஒரு மணி நேரப் பேச்சா இருந்தாலும் முழுசாக் கேட்டுக்கிட்டு இருக்க வேண்டாம். உசந்த கோட்டுக்குத் தாவி, கொஞ்சம் பின்னால போயி, மூச்சு வாங்குன இடத்தப் பிடிச்சு, அங்கருந்து கைதட்டு வரைக்கும் வெட்டி எறிஞ்சிரலாம். ஜவுளிக்கடை விளம்பரம், கோயில் கொடை அறிவிப்பு, எதுவா இருந்தாலும் விருதுநகர்ல என்னைய மாதிரி வெரசா முடிச்சுக் குடுக்க ஆள் கிடையாது. இது பெருமைதான், இருந்துட்டுப் போகட்டும்.

அந்தப் பட்டாசுக் கம்பெனி மேனேஜரும் அதுக்காகத்தான் வந்தாரு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கம்பெனி. காலையில ஊர் ஊரா ஆள் ஏத்திட்டு வர்ற வேன்ல போடுறதுக்கு ஒரு பாதுகாப்புப் பேச்சு வேணுமாம். "அனுபவப்பட்டவுக பேசுனாத்தான் சனம் கேக்கும் பாய்"னு ஒரு அம்மாவக் கூட்டிட்டு வந்திருந்தாரு.

அச்சங்குளத்து அம்மா. என் வயசுதான் இருக்கும். முன்னால வேற ஒரு கம்பெனியில வெடிமருந்து கலக்குற ரூம்ல வேலை பாத்திருக்காக. அங்கன நடந்த வெடி விபத்துல இடது கை வெந்து, விரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. உக்காந்ததும் என்கிட்ட முதல்ல சொன்னது இதுதான்: "நான் பேச வந்ததே என் மகளுக்காகத்தான் பாய். வாற வாரம் இவுக கம்பெனியில மருந்து ரூமுக்குப் போறா. நான் வீட்ல வாயத் தெறந்தா சண்டைக்கு வாறா. வேன்ல நாலு பேரோட உக்காந்து கேட்டாலாவது மண்டையில ஏறும்."

கைதட்டுச் சட்டத்தச் சொன்னேன். அவுக தட்டிப் பாத்தாக. அந்தக் கைக்குச் சத்தமே வரல. எனக்குச் சங்கடமாப் போச்சு. மேனேஜர் சிரிச்சுக்கிட்டே, "நீங்க பேசுங்கம்மா, தப்பு வந்தா நான் தட்டுறேன்"னாரு.

நல்லாத்தான் ஆரம்பிச்சாக. மருந்த இழுக்காதீக, தரையில தேய்க்காதீக, செருப்ப வெளியவே விட்டுருங்கன்னு பொறுமையாச் சொன்னாக. அப்புறம், "வெயில் ஏறிட்டா மருந்து கலக்கக் கூடாது. சீசன்ல லோடு ஏத்தணும், முடிச்சிட்டுப் போன்னு போர்மேன் சொல்லுவாரு. சொன்னாலும் கைய எடுத்துட்டு வெளிய வந்துருங்க"ன்னாக.

பட்டுன்னு ஒரு கைதட்டு. அந்தம்மா நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு நாற்காலியோட துள்ளுனாக. வெடிச்சத்தம் கேட்ட உடம்பு, வேற என்ன செய்யும்? என்ன தப்புன்னு முழிச்சு, அதே வரிய இன்னும் தெளிவாச் சொன்னாக. மறுபடி கைதட்டு. "ஒரு ரூம்ல அளவுக்கு மேல ஆள உக்கார வச்சா எந்திரிச்சு வந்துருங்க." அதுக்கும் ஒண்ணு. ஒவ்வொரு தட்டுக்கும் அவுக துள்ளத் துள்ள எனக்கு ரத்தம் கொதிச்சுது. பேசி முடிச்சதும் மேனேஜர் என் தோள்ல தட்டி, "தட்டுன இடமெல்லாம் வெட்டிருங்க பாய். உங்களுக்கு ரெண்டு நிமிச வேலை"ன்னாரு.

அடப்பாவி! என் வித்தைய வச்சே அந்தம்மா வாயப் பொத்தப் பாத்திருக்கான். இனிமே அந்தாளுக்கு 'வந்தாரு, சொன்னாரு'ன்னு என்ன 'ரு' வேண்டியிருக்கு?

உசந்த கோடு ஒவ்வொண்ணாத் தாவுனேன். சொன்ன மாதிரியே ரெண்டு நிமிசந்தான் ஆச்சு. ஆனா நான் வெட்டுனது கைதட்ட மட்டும். வரியெல்லாம் அப்படியே இருந்துச்சு. சத்தமாப் போட்டுக் காட்டுனேன்.

"என்ன பாய் விளையாடுறீகளா? இதத்தானே எடுக்கச் சொன்னேன்?"

"தப்பு வந்தாத்தான் தட்டணும்னு சொன்னேன். இதுல எது தப்பு? நீ சொல்லு."

"இதப் போட்டா எவன் வேலை பாப்பான்? சிவகாசில வேற கடையே இல்லையா?"

"போலே! இருந்தா அங்கன போ!" தெருவே திரும்பிப் பாத்துச்சு. கத்துனதுக்கு நான் வருத்தப்படல, இன்னைக்கும் வருத்தமில்ல.

அவன் வேற கடையில போயி ஒரு பொண்ணத் தேன் ஒழுகப் பேச வச்சு வேன்ல போட்டுக்கிட்டான். நான் அந்தம்மா போன்ல முழுப் பேச்சையும் ஏத்தி விட்டேன். "வேன்ல ஓடாதா பாய்?"னு கேட்டாக. ஓடாதும்மான்னு சொல்லி, போன்ல எங்கன அமுக்கிக் கேக்கணும்னு காட்டிக் குடுத்தேன்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அம்மாவும் மகளும் கடைக்கு வந்தாக. மக படியேறும்போதே ஆரம்பிச்சுட்டா.

"உங்களாலதான் பாய் என் வேலை போச்சு! தினம் தினம் வேன்ல ஏறுறதுக்கு முன்னால அந்தப் பேச்சப் போட்டு என் காதுல வச்சா எங்கம்மா. நேத்து நல்ல வெயில்ல முடிச்சிட்டுப் போன்னு போர்மேன் சொன்னாரு. எனக்கு உக்கார முடியல, எந்திரிச்சு வந்துட்டேன். கூட வந்தவளுகள அதட்டவும் திரும்ப உள்ள போயிட்டாளுக. நான் போகல. இனி வேலைக்கு வராதன்னுட்டாக. சீசன் நேரத்துல எவன் எனக்கு வேலை குடுப்பான்? நீங்க குடுப்பீகளா?"

 எனக்கு உள்ள போனவளுக நினைப்புதான் ஓடுச்சு. இவ நிறுத்துறதாத் தெரியல. ரெண்டு கையையும் என் மூஞ்சிக்கு நேரா ஆட்டி ஆட்டி ஏசுனா.

அவ அம்மா அந்த ரெண்டு கையையுமே பாத்துக்கிட்டு நின்னாக.