முசியே வீட்டைப் பார்க்கப் போனோம்

முதல் நாள் அவர் எங்கள் வைத்திக்குப்பம் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். தெருவே அவரை முசியே என்றுதான் கூப்பிடும்; பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மீன் விற்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த இடத்துக்கு வாடகையும் பால் செலவும் கொடுத்துவந்த வெளிநாட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்ட நேரம் அது. முசியே கைகொடுக்காவிட்டால் மாதக் கடைசியில் பூட்டுப் போட வேண்டியதுதான்.

கொடையாளர்களைக் காப்பகத்தோடு நெருக்கமாக்குவது என் வேலை. பெயர்தான் பெரிது. செய்ததென்னவோ, வருகிறவருக்கு டீ கொடுத்து, பிள்ளைகளைப் பாடவைத்து, நடுவில் அவரை நிறுத்திப் போட்டோ எடுப்பது. எனக்கோ யார் எதைக் கொடுத்தாலும் ஏன் கொடுக்கிறார் என்று குடைந்து பார்க்கிற புத்தி. கடைக்காரர் கொசுறாகக் கொத்தமல்லி போட்டால்கூட அடியில் அழுகியிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பேன். முசியே சொன்னதையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். "போட்டோ வேணாம்மா. போர்டுல பேரும் வேணாம். வாரத்துல ஒருநாள் வந்து புள்ளைங்களோட உக்காந்துட்டுப் போறேன், அது போதும்." தனியாக வாழ்கிற ஆண். பெயர் வேண்டாம், போட்டோ வேண்டாம், பிள்ளைகளோடு இருக்க வேண்டும். நல்ல மனிதர்தானே என்றார் எங்கள் செயலாளர். அவருக்கு வாடகைக் கவலை. எனக்கு வேறு கவலை.

என் சந்தேகத்தைத் தாய்மார்களிடம் சொல்லிவிட்டேன். அவர்களுக்காகப் பேசுகிறவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அக்கா. தன் கடைக்குட்டியை எங்களிடம்தான் விடுவார். மீன்கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டுக்கொண்டார். "பொண்ணு குடுக்கறதுன்னா வீடு பாக்கப் போறோம்ல? நம்ம புள்ளைங்களோட உக்காரணும்னு கேக்கறவரு வீட்டைப் பாக்க வேணாமா?" என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு பெண்கள் குளித்து, நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு, தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் ஏந்தி என் முன்னால் வந்து நின்றார்கள்.

கருவடிக்குப்பத்தில் அவர் வீடு. கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்தபடி நின்றார். அக்கா அதற்குள் உள்ளே போய்விட்டார். அடுப்படியைப் பார்த்தார்கள், கிணற்றடியைப் பார்த்தார்கள். ஒருத்தி மதிலுக்கு மேலே எட்டிப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தாள். மாடியில் ஓர் அறை பூட்டியிருந்தது.

"இதுல என்னா?"

"பழைய சாமான்மா."

"தொறங்க, பாக்கறோம்."

சாவியை எடுக்க அவர் தயங்கினார். நான் நினைத்தது சரியாகத்தான் போயிற்று என்று எனக்கு ஓர் அற்பத் திருப்தி வந்தது.

அறை முழுக்கப் பொன்னாடைகள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தார். சுவரோரம் கேடயங்கள், சட்டம் போட்ட போட்டோக்கள்; எல்லாவற்றிலும் நடுவில் முசியே, சுற்றிலும் சீருடைப் பிள்ளைகள். அக்கா ஒரு போட்டோவை எடுத்து முந்தானையால் தூசியைத் துடைத்தார். "இந்தப் புள்ள பேரு என்னா?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா. ஒருத்தர் பேரும் தெரியாது. ஸ்கூலுக்குப் பணம் குடுக்கப் போனா பாட்டுப் பாடுவாங்க, போட்டோ எடுப்பாங்க, என்னைக் கார்ல ஏத்தி அனுப்பிடுவாங்க."

தரையைப் பார்த்தபடிதான் சொன்னார். என் வேலையை எனக்கே சொல்லிக்காட்டியது போல் சுருக்கென்றது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. பொன்னாடை வாங்கியவரெல்லாம் யோக்கியர் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அக்காவுக்கும் தீரவில்லை. "வாங்க. ஆனா கதவு தொறந்தேதான் இருக்கும். எங்கள்ல ஒருத்தி கூட இருப்பா. புள்ளைங்களத் தொடக் கூடாது, தூக்கக் கூடாது" என்றார். காப்பகத்தையே தாங்கப்போகிற மனிதரிடம் இப்படிப் பேசினால் என்னாகும்? போச்சு, பூட்டுதான் என்று நினைத்தேன். முசியேவின் முகம் கறுத்துவிட்டது. பிறகு, "சரிம்மா. என்னைக்கு வரட்டும்?" என்றார்.

முசியே காலமாகிவிட்டார். இப்போது காப்பகத்தை நான்தான் நடத்துகிறேன். கொடையாளர்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடியே உள்ளே வருகிறார்கள். கேட்காமலே பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அக்கா போட்ட நிபந்தனைகளைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். அப்போதெல்லாம் ஒரு மழை நாள்தான் நினைவுக்கு வரும்.

முசியே வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். சுவரோரம் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளின் பெயரெல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டிருந்தது. நான் வேலை செய்கிற சாக்கில் அவர் கைகளையே கவனித்துக்கொண்டிருப்பேன். அந்த மழை நாளில் அவரோடு இருக்க வேண்டியவர் அக்கா. மீன்கூடையை மழையில் நனையாமல் எடுத்துவைக்க வாசலுக்குப் போயிருந்தார். நான் பால் டம்ளர்களோடு அந்தக் கோடியில் இருந்தேன். அக்காவின் கடைக்குட்டி ஈரத் தரையில் வழுக்கி முசியேவின் காலடியிலேயே விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். அவர் பாதி எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். நீட்டிய கைகளை அப்படியே முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அம்மா, புள்ள விழுந்துட்டாம்மா, யாராவது வாங்கம்மா" என்று கத்தினார். அக்கா ஓடிவந்தார். பிள்ளையைப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் போயிருந்த அவர் கைகளைப் பார்த்தார்.

"தூக்கு முசியே," என்றார். "என் கையெல்லாம் மீனு."