படகு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு

எண்பதுகளின் கடைசி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்து ஊரில் என் கணவர் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். எனக்கு நிறைமாதம். தாய் வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால் தலைப்பிரசவமும் அங்கேதான் என்று ஆகியிருந்தது.

அணையில் மீன் குத்தகை எடுத்தவர், படகு ஏற்றிப்போகும் டிரெய்லரை எங்களிடம் பழுதுபார்க்க விட்டிருந்தார். இரண்டு சக்கர வண்டி. படகை இறக்கும்போதெல்லாம் சக்கரம் தண்ணீரில் முங்கும். ரோட்டில் ஓடிவந்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் உள்ளே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தது. பேரிங் துருவேறி நறநறவென்றது. என் கணவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஹப்பை லேத்தில் கடைந்து, அதிக பாரம் தாங்கும் ரோலர் பேரிங்கும் தண்ணீர் புகாத சீலும் போட்டார். கிரீஸ் அடைத்தது நான். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, அது மறுபக்கம் பிதுங்கி வரும்வரை பேரிங்கை அழுத்த வேண்டும். நிறைமாத வயிற்றோடு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நட்டை இறுக்கி, ஒரு நூல் அளவு தளர்த்தி, கழலாதிருக்கப் பின் ஊசி மாட்டி, சக்கரத்தை அவர் விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வலி கண்டது. மருத்துவச்சிக்குப் பார்த்த உடனே முகம் மாறிவிட்டது.

"புள்ள குறுக்கால கெடக்குது. என்னால ஆவாது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுங்க."

எதில் ஓடுவது? ரோடு நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. மாட்டு வண்டிகூடத் தாண்டாது. கட்டிலோடு தோளில் சுமக்கலாம் என்றால் அவ்வளவு தூரம் தாங்காது. என் கணவர் கொஞ்ச நேரம் அந்த டிரெய்லரையே பார்த்தார். இலேசான வண்டி, மரம் குறுக்கிட்டால் தூக்கித் தாண்டிவிடலாம் என்றார். பிறகு அதன்மேல் கயிற்றுக் கட்டிலை வைத்துக் கட்டி, என்னைப் படுக்கவைத்தார். அவரும் பக்கத்து வீட்டு அண்ணனும் முன்னால் கயிறு கட்டி இழுக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் காதெல்லாம் சக்கரத்தில். வழியில் பேரிங் இறுகினால் நானும் குழந்தையும் அவ்வளவுதான்.

முதல் மரம், பெரிய புளியமரம். அதைச் சுற்றிக் கூட்டம், கையில் கோடாலி, அரிவாள். எங்களைப் பார்த்ததும் கோஷம் நின்றது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் கிட்டே வந்தார்.

"எந்த ஊரு? எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கணவர் மறைக்காமல் சொன்னார். அவர்கள் ஆட்கள் இல்லை நாங்கள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அப்போது பார்த்து அடுத்த வலி வர, அலறிவிட்டேன்.

அந்த ஆள் கோடாலியைக் கீழே போட்டார். "இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? தூக்குங்கடா!"

நான், கட்டில், வண்டி எல்லாம் ஒன்றாக மேலே எழுந்தோம். துளி சாயவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிய பிறகும் அவர்கள் வண்டியை விடவில்லை.

"நீ அந்தம்மா பக்கத்துல வாய்யா. இழுக்கறத நாங்க பாத்துக்கறோம்."

யாரோ சைக்கிளில் முன்னால் பறந்திருக்கிறார்கள். அடுத்த மரத்தில் எங்களுக்காகக் கைகள் தயாராக நீண்டிருந்தன. அதற்கடுத்த மரத்திலும். ஒரு பெண் முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்தபடி கூடவே ஓடிவந்தார். ஓரிடத்தில் ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது. கணவர் கையைப் பிடித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மறியலுக்காக அவர்களே சாய்த்த மரத்தை, எங்கள் வண்டி நுழையும் அகலத்துக்கு, அவர்களே நடுவில் அறுத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஜனம் விலகி நிற்க, சக்கரம் எதிலும் உரசாமல் உள்ளே போனது. அந்த வலியிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கள்ளக்குறிச்சி எல்லையில் போலீஸ் லாரி நின்றது. அதைத் தாண்டினால் கைதுதான். இழுத்து வந்தவர்கள் தயங்கினார்கள். தலைத்துண்டுக்காரர் மட்டும் நிற்கவில்லை. முதல் மரத்திலிருந்து கயிற்றை யாரிடமும் கொடுக்காமல் வந்தவர், நேராகப் போலீஸ் முன்னால் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்.

"என்னிய அப்புறம் ஏத்துங்க சார். மொதல்ல இந்தம்மாவ அனுப்புங்க."

எங்களை ஜீப்பில் அனுப்பினார்கள். அவரை லாரியில் ஏற்றினார்கள். கம்பியைப் பிடித்தபடி அவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா.

தலைத்துண்டுக்காரர் விடுதலையாகி வந்துவிட்டார் என்று தெரிந்ததும் என் கணவர் தேடிப் போனார். அவர்கள் தெருவுக்குள் என் கணவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றவரை அந்த மனுஷர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தன் வீட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாராம். கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "கொழந்த நல்லாக்கீதா?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ சண்டை, எத்தனையோ கலவரம் பார்த்துவிட்டேன். ஆனாலும் எந்த மனுஷனையும் 'அவன் அந்த ஆளு' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்க இன்றுவரை எனக்கு வாய் வருவதில்லை.