பாதி ரூட் கெனாலோடு சிலுவை சுமந்த கதை

வலி நின்றுவிட்டால் வைத்தியமும் முடிந்துவிட்டது என்று நம்பிய முட்டாள் நான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் வேறு. மூன்று தடவை வரச் சொன்ன டாக்டரிடம் ஒரே ஒரு தடவை போய்விட்டு, மூன்றையும் முடித்தவன் மாதிரி ஊரைச் சுற்றினேன்.

இடது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல். தவக்காலம் தொடங்கிய வாரத்தில் என்னை அடிக்க ஆரம்பித்தது. காதுக்குள் கம்பியை விட்டுத் திருகி, கண்ணுக்குப் பின்னால் சம்மட்டியை இறக்கியது. கிராம்பு வைத்தேன், எரித்தது. ஆத்திரத்தில் பீரோவை உதைத்தேன். கால் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பத்து நாள் வெறும் கஞ்சிதான். கன்னத்தில் கை வைக்க முடியாததால் சவரமும் இல்லை. தாடி வளர்ந்தது, கன்னம் ஒட்டியது.

கடைசியில் திண்டுக்கல் டவுனில் ஒரு பல் டாக்டரிடம் போய் விழுந்தேன். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்மா. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "உள்ளே நரம்பு அழுகிப்போச்சுங்க. அதை எடுத்துப்போட்டு, வேரைச் சுத்தம் பண்ணி, மருந்து வெச்சு அடைக்கோணும். மேல கேப் போடோணும். மூணு வாட்டி வரணுங்க" என்றார்.

மரத்துப்போவதற்கு ஈறில் ஓர் ஊசி. அந்த ஒரு குத்துதான் வலி என்று அவர் சொன்னது சத்தியம். பயத்தில் நான்தான் அவர் விரலைக் கடித்துவிட்டேன். கையை உதறிக்கொண்டு, "கடிக்கறதுக்குப் பல்லு வேணுமில்லீங்க, அதைத்தான் காப்பாத்தறோம்" என்றார். பிறகு மண்டைக்குள் ரைஸ் மில் ஓடியது. கருகல் வாடை. மயிரிழை போன்ற ஊசிகளை வேருக்குள் விட்டு ராவி ராவி எடுத்தார். வலிக்கவில்லை, யாரோ ஒருவனைக் கொலை செய்கிறார்கள், நான் பக்கத்து அறையில் இருக்கிறேன் என்பது போல இருந்தது. தற்காலிகமாக சிமென்ட் வைத்து மூடிவிட்டு, "ரெண்டு மூணு நாளைக்குக் கடிச்சா நோவும், பயப்படாதீங்க. கேப் போடற வரைக்கும் அந்தப் பல்லு வெறும் ஓடு மாதிரிங்க. அந்தப் பக்கம் கடிக்காதீங்க, அடி படக்கூடாது" என்றார்.

நாலாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை. அதே வாரம், அகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பாஸ்காவுக்கு வேஷம் பிரித்தார்கள். பெரிய வெள்ளி பிற்பகலில் இயேசுவின் பாடுகளைத் தெருவிலேயே நடிப்போம். பதினொரு வருடமாக நான் இயேசுவை அறைகிற சேவகன், என் மனைவியின் தம்பி இயேசு. கன்னத்தில் விழும் அறை எங்கள் ஊரில் நிஜ அறை. கடைசியில் நிற்கிறவனுக்கும் சத்தம் கேட்க வேண்டும். பதினொரு வருடமும் அவனை மனதார அறைந்திருக்கிறேன்.

இந்த முறை கமிட்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பு, இம்புட்டுத் தாடி, இம்புட்டு எலும்பு! நீதான்யா இந்த வருசம் இயேசு. உன் மச்சினன் சேவகனா நிக்கட்டும்."

ஒத்திகையும் டாக்டர் இரண்டாம் தடவை வரச் சொன்ன நேரமும் ஒரே சாயங்காலத்தில் வந்தன. நான் ஒத்திகைக்குப் போனேன்.

பெரிய வெள்ளியன்று, அங்கி மாட்டும்போது மச்சினன் கேட்டான். "மாமா, பல்லு வைத்தியம் முடிஞ்சிருச்சா? மெதுவாத் தட்டவா?"

"அதெல்லாம் முடிஞ்சிருச்சு மாப்ள. நீ ஆம்பளையா அடி."

அடித்தான். வலது கைக்காரன், இடது கன்னத்தில் இறங்கியது. பதினொரு வருடமும் அந்த ஒரு கையில் இருந்தது. மேல்பல் கீழ்ப்பல்லில் மோதி உள்ளே சடக்கென்று ஒரு சத்தம். வாயெல்லாம் ரத்தம், நாக்கில் ஒரு பல் துண்டு. வேதாகமத்தில் எங்கும் இல்லாத ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். என்னைத் தூக்கி நிறுத்துகிற சாக்கில் அவன் காதோரம் குனிந்தான்.

"மாமா, ரத்தம் சூப்பரு. எந்தக் கடைல வாங்குனீக?"

சிலுவையை என் தோளில் ஏற்றிச் சாட்டையால் முதுகில் ஒன்று வைத்தான். மூன்று தெரு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் பல் மண்டையில் ஒன்று வைத்தது. ஆண்டவர் மனுக்குலத்துக்காகச் சுமந்தார். நான் என் வாய்க்கொழுப்புக்காகச் சுமந்தேன்.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் வீங்கிய மூஞ்சியோடு நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விரிசல் வேர் முனைவரை ஓடியிருந்தது. அவர் கை தட்டில் கிடந்த பல் பிடுங்கும் குறட்டை நோக்கிப் போனது.

"டாக்டர், பிடுங்கிராதீக. ஆண்டவரையே அம்புட்டு அடி அடிச்சும் மூணாம் நாள் எந்திரிச்சாரே, இதுக்கு ஒரு வழி இல்லையா?"

"இது எந்திரிக்காதுங்க."