ஊசிக்கு முன்பே வந்த வலி

மேடைகளில் எதிரணி தொடுக்கும் எந்த வினாவும் என்னைத் திணறடித்ததில்லை. ஆனால், பத்து வயதில் என் சொந்தத் தோளே என்னிடம் கேட்ட வினா ஒன்றுக்கு நெடுநாள் விடையின்றி நின்றேன்.

தச்சநல்லூரில் எங்கள் தெரு நாய் என் கெண்டைக்காலைக் கடித்த வாரம் அது. முதல் ஊசிக்கு அம்மாவும் மாமாவும் அழைத்துச் சென்றார்கள். அம்மா என் கையை இறுகப் பற்றியிருந்தார். செவிலியர் பஞ்சால் தோளைத் துடைத்ததுதான் தாமதம், அலறிக்கொண்டு கையை வெடுக்கென இழுத்தேன்.

மாமா குனிந்து பார்த்தார். "ஏட்டி, அது வெறும் பஞ்சு. ஊசி இன்னும் தட்டுல கெடக்கு."

"இல்ல மாமா, குத்திட்டாங்க. நெசமாவே வலிச்சுது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. பஞ்சு பட்ட இடம் மெய்யாகவே சுருக்கென்றது. பின்னர் ஊசி இறங்கியபோது பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாம் ஊசியும் பாளையங்கோட்டையில் நடந்த பேச்சுப்போட்டியும் ஒரே காலையில் வந்து சேர்ந்தன. பேச்சின் தலைப்பு, அஞ்சாமை. ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. பெயர் அழைக்கையில் அரங்கில் இல்லையென்றால் வாய்ப்பும் போய்விடும். போட்டி பத்து மணிக்கு என்றிருந்தார் மாமா. எங்கள் முறை வந்தபோது மணி ஒன்பதரை. கண் சுவர்க்கடிகாரத்தை விட்டு அகலவில்லை. வாய் பேச்சை முணுமுணுத்தது.

"அக்கா, சீக்கிரம் போடுங்க. பஸ்ஸு போயிரும்."

"போட்டாச்சும்மா, எந்திரி. அடுத்த ஆளு உக்காரணும்லா."

ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறி, ஆற்றுப்பாலம் கடந்து அரங்கை அடைந்தால், கதவே திறக்கவில்லை. போட்டி பதினொரு மணிக்குத்தான். புறப்படுவதில் எங்கள் வீட்டார் அனைவரும் மந்தம் என்பதால், கல்யாணமோ ரயிலோ, எதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவே நேரம் சொல்வது மாமாவின் வழக்கம். வீடே அறிந்த பொய் அது. அன்று நான் மட்டும் மறந்துபோனேன்.

மேடையேறியதும், எழுதி மனப்பாடம் செய்ததில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: "இன்று காலை என் தோளை ஊசி துளைத்தது, அவையோரே. நான் அஞ்சவில்லை, ஆகவே வலிக்கவில்லை!" கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. கோப்பை எனக்கே.

மூன்றாம் ஊசிக்கு அந்தக் கோப்பையோடு சென்றேன். அன்று பிடிக்க வேண்டிய பேருந்து ஏதுமில்லை. கடிகாரத்தில் எனக்கு வேலையில்லை. செவிலியரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சு பட்டது. அலறினேன்.

"கப்பைக் கீழ போட்றாதட்டி" என்றார் மாமா.

அஞ்சாதவளிடம் வலி எப்படித் திரும்பி வந்தது என்று வீடு சேரும்வரை தோளைத் தடவித் தடவி யோசித்தேன். போட்டி நாளன்று நெல்லையிலேயே மிகுதியாக அஞ்சியவள் நான்தான் என்பதும், பேருந்தைத் தவறவிடுவோமோ என்ற அச்சம் ஊசிக்கென்று எனக்குள் இடம் எதையும் விட்டுவைக்கவில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.