அமெரிக்காக்காரனுக்குக் கோச்சடையில் துக்கம்

உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்திய வருஷம், கோடை விடுமுறை. மதுரைக்கு மேற்கே கோச்சடையில், வைகைக் கரையை ஒட்டிய ஒரு தெருவில் வாடகைக்குக் குடியிருந்தேன். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை. மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போயிருந்தாள். எனக்குத் துணையாக இருந்தது ஒரு தகரப் பெட்டி நிறைய அமெரிக்க நாவல்கள். சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு பாதிரியார், தன் சுமை குறையட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனவை.

அந்தப் பெட்டிக்குள் இருந்த ஆட்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருத்தருக்கும் யாரும் இல்லை. ஒருவன் கடலில் தனி, ஒருவன் காட்டில் தனி, ஒருத்தி விருந்துக் கூட்டத்துக்கு நடுவிலேயே தனி. பணக்காரன் மாளிகையில் தனியாக உட்கார்ந்திருப்பான், ஏழை ரயிலடியில் தனியாக உட்கார்ந்திருப்பான், வித்தியாசம் நாற்காலியில்தான். சில நாவல்கள் படித்ததுமே எனக்கு இது பெரிய நாகரிகமாகப் பட்டுவிட்டது. எங்கள் தெருவிலோ, நான் என்ன குழம்பு வைத்தேன் என்பது நான் சாப்பிட உட்காருவதற்குள் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். தனிமை என்ற உயர்ந்த சரக்கு இந்த ஊரில் கிடைக்காது, நாமே உற்பத்தி செய்துகொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். பட்டப்பகலில் வாசல் கதவைத் தாழ்போட்டேன்.

எங்கள் தெருவில் பகலில் கதவைத் தாழ்போடுகிறவர்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், அல்லது யாருடனோ சண்டை போட்டவர்கள். என் வயசைப் பார்த்து, சண்டைதான் என்று தெரு தீர்மானித்தது. யாரோடு சண்டை என்று தெரியாததால் எல்லோருமே என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் ஒரு விவசாயக் குடும்பம். எனக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுக்காரம்மா என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தினம் ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து கொடுப்பார். கிண்ணமும் நின்றது. முதல் வாரம் தனிமை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் நான் வைக்கிற ரசத்தின் உண்மையான ருசி எனக்குத் தெரியவந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை, ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன். கதாநாயகன் கிழவன். பெரிய சமவெளியில் ஒற்றை வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. யாராவது வந்தால் இருக்கட்டும் என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு வைப்பான். யாரும் வர மாட்டார்கள். பனிக்காலத்தில் செத்துப்போகிறான், பனி உருகின பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது. மேஜையில் அந்த இரண்டு தட்டும் அப்படியே இருக்கின்றன.

எனக்கு அழுகை வந்தால் நாவல்களில் வருகிற மாதிரி ஒற்றைத் துளியாக உருளாது. என் தகப்பனார் வழியில் எல்லோருக்கும் பெருங்குரல்.

கதவு தட்டப்பட்டது. "அண்ணே, கதவத் தொறங்க."

திறந்தேன். அடுத்த வீட்டம்மா, அவர் வீட்டுக்காரர், பின்னால் பாதித் தெரு.

"வீட்ல அவுகளுக்கு ஒண்ணுமில்லையே? பிள்ளைக?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப யாருண்ணே?"

"ஒரு பெரியவர். அமெரிக்காவுல. செத்து ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சிருக்கு. எடுத்துப் போட ஆளில்லை."

கதையில் என்று சேர்த்துச் சொல்லத்தான் நினைத்தேன். அழுகை முந்திக்கொண்டது. அதற்குள் காரியம் என் கையை விட்டுப் போய்விட்டது. பெண்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பெயர் தெரியாததால் ஒரு அம்மாள் 'கடல் தாண்டிப் போன ராசா' என்று பொதுவாக ஒப்பாரியை எடுத்தார். ஆண்கள் வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.

"பிள்ளைக?"

"இல்லை."

"அண்ணன் தம்பி?"

"ஒரு தம்பி. பேச்சுவார்த்தை இல்லை."

"நெலத்துச் சண்டையா?"

"ஆமா."

"அதான பாத்தேன்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அமெரிக்காக்காரன் அவர்களுக்குத் தெரிந்த மனுஷனாகிவிட்டான். நான் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அச்சில் இருந்ததைத்தான் சொன்னேன்.

அந்தம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பல நாட்களுக்குப் பிறகு வாய்க்குள் போன நல்ல வஸ்து. குடித்து முடித்துவிட்டு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். பாதி டம்ளரில் தற்செயலாக வெளியே பார்த்தேன். அடுத்த வீட்டு வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை இரண்டு பேர் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா அது?"

"இன்னைக்குச் சாயங்காலம் மகளுக்குப் பரிசம் போட அலங்காநல்லூர்லருந்து வாரதா இருந்தாக. அடுத்த சுவத்துல நீங்க அழுதுக்கிட்டு இருக்கயில நாங்க மேளம் வைக்கிறது நல்லாருக்குமா? அவரு சைக்கிள எடுத்துக்கிட்டு, வர வேண்டாம்னு சொல்லப் போறாரு."

"இன்னொரு நாள் வச்சுக்கிடலாம்ல?"

"வச்சுக்கிடலாம். அவுக மனசு வைக்கணும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு முன்னால் பேசிய இரண்டு இடங்கள் கடைசி நேரத்தில் நழுவிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையின் தகப்பனாரோ, கிளம்பும்போது யாராவது தும்மினால்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்கிறவர் என்று தெருவுக்கே தெரியும். தடைப்பட்ட பரிசத்துக்கு மறுபடி வருவார் என்று யார் சொல்ல முடியும்? அடுத்த வீட்டு வாசலில் அந்தப் பெண் தலையில் வைத்திருந்த பூவை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்குள் அவள் தகப்பனார் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருமுனைக்கே போய்விட்டார். டம்ளரோடு ஓடி, பின்சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதீங்க. யாரும் சாகலை."

"இப்பத்தான சொன்னீங்க?"

"அது கதை. புத்தகத்துல வர்றது."

பின்னாலேயே வந்துவிட்ட கூட்டத்துக்கு, வீட்டுக்குள் ஓடிப் புத்தகத்தை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர்களில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது காட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்கள் முன்னால்கூட நான் இப்படி முழித்ததில்லை.

அவர் நிதானமாக சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "நெசமாவே அந்த ஆளு இல்லையா?"

"இல்லை."

"தம்பிகாரன்?"

"அவனும் இல்லை."

"நெலம்?"

"நிலமும் இல்லை."

பின்னால் நின்ற அவருடைய மைத்துனர் சொன்னார்: "மாப்ள, இம்புட்டு நாளாச் செத்துக் கெடந்தவரு கடைசில பொறக்கவே இல்லையாம்ல."

முதலில் ஒருத்தர் சிரித்தார், பிறகு தெருவே சிரித்தது. ஒப்பாரி பாடின அம்மாளும் சிரித்தார். பெண்ணின் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. "கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டு அழுதா இப்படித்தான். தொறந்து வச்சு அழுதிருந்தா, என்ன ஏதுன்னு அப்பவே கேட்டிருப்போம்ல" என்றார். அடுத்த மூச்சில், "வாழமரத்தக் கட்டுங்கப்பா. அண்ணே, நீங்க போயிக் குளிச்சிட்டு வாங்க."

"நான் எதுக்கும்மா குளிக்கணும்? அதுதான் யாரும் சாகலையே."

"அழுத மூஞ்சியோடயா பரிசத்துக்கு வருவீக?"

போனேன். மாப்பிள்ளையின் தகப்பனார் பக்கத்திலேயே என்னை உட்கார வைத்தார்கள். வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் அந்த மைத்துனருக்கு வாய் நிற்கவில்லை. காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டார். பெண்ணின் தாயார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இன்னைக்குக் காலையில இந்தத் தெருவுல அழுகச் சத்தம் கேட்டிருக்கு" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

அவர் என் பக்கம் திரும்பி, "அந்தக் கதையத்தான் சொல்லுங்களேன், கேப்போம்" என்றார்.

சொன்னேன். பரீட்சைக்குப் போன பையன் மாதிரி, ஒன்றையும் விடாமல் சொன்னேன். இரண்டு தட்டு வைக்கிற இடத்தில் அவர் குறுக்கிட்டார்.

"கூப்பிட்டாக் கேக்குற தூரத்துல ஒரு வீடுகூடவா இல்ல?"

"இல்லை."

தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "புத்தகத்துல செத்தவனுக்கே இம்புட்டுப் பேரு வேலையப் போட்டுட்டு ஓடியாந்திருக்காக. இந்தத் தெருவுல நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கட்டும். வெத்தலைய மாத்துங்க" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அந்த நாவல்களை நான் இன்னும் படிக்கிறேன். அவற்றின் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, எழுதினவர்கள் பெரிய ஆட்கள். ஆனால் ஒருவன் தனியாகச் சாகப்போகிற கட்டம் நெருங்கினால், புத்தகத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டில் இன்று விசேஷம் ஏதாவது உண்டா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பிக்கிறேன். என் அழுகை எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதில் இப்போதெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை.