ஞானத்தகப்பன்மேல் எனக்குப் பொறாமை

என் மகளை என் மகளே இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னவன் நான். என் மகள்தான் என்று தெரிந்தே சொன்னேன்!

சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். தோணியின் முன்முனைபோல நீண்ட என் மூக்கு அப்படியே ஜெனியின் முகத்தில் இருக்கிறது. பாவம், அவள்...

பொறாமை. அவ்வளவுதான்! யார்மேல்? சேவியர்மேல். ஞானஸ்நானத்தின்போது என் மகளைக் கையில் ஏந்த நானே தேடிப்பிடித்த ஞானத்தகப்பன். கோயிலறிய எனக்குச் சகோதரன் ஆனவன்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு கொண்டுபோவது என் பிழைப்பு. திரும்பி வரும்போதெல்லாம் ஜெனிக்கு ஒரே பேச்சு.

"ஞானப்பாதான் சைக்கிள் பழக்குனாவ! ஞானப்பாதான் பல்லு புடுங்கக் கூட்டிட்டுப் போனாவ!"

நான் வாங்கிவந்த பொம்மை கட்டிலுக்கடியில் கிடக்கும். நானும் கிட்டத்தட்ட அங்கேதான்...

ஒருநாள் என் மனைவி ரோஸ்லினிடம், அவளையும் சேவியரையும் சேர்த்து, கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"அவரு புள்ளைக்கு ஞானத்தகப்பன். அவர வச்சா இப்படிப் பேசுதீரு? நாக்கு அழுகிப் போவாதா?" என்றாள்.

வீட்டைவிட்டுப் போனேன். பிள்ளைக்குப் பணம் அனுப்புவதையும் நிறுத்தினேன். ரோஸ்லின் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அங்கிருந்த வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அண்ணாச்சி, புள்ளைக்குக் குடுக்கது உங்க கடமை. பேசி முடிச்சிருவோம்."

"யாரு புள்ளைக்கு?" என்றேன், சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை.

நீதிமன்றத்திலும் அதையே சொன்னேன். மரபணுச் சோதனைக்கு உத்தரவானது. ஆஸ்பத்திரியில் ஊசி ஏறியபோது ஜெனி அழவில்லை.

"அப்பா, ஒங்களுக்கும் ஊசியா? பயப்படாதீய" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதாவது, "போதும், இவள் என் பிள்ளை!" என்று எழுந்திருக்கலாமே... ஏன் எழவில்லை? வாசலில் சேவியர் அவளுக்காகப் பழச்சாறு வைத்துக்கொண்டு நின்றான். அது கண்ணில் பட்டுவிட்டது!

முடிவு வந்தது. அவள் என் பிள்ளையேதான். நீதிமன்ற உத்தரவுப்படி தோணி முதலாளி என் சம்பளத்தில் பிடித்து, மாதாமாதம் ரோஸ்லின் கணக்கில் போடுகிறார். அதில் எனக்கு வருத்தமில்லை.

கரையில் இருக்கும் ஞாயிறுகளில் ஜெனியைப் பார்க்கலாம். போன வாரம் கடற்கரையில் கேட்டாள்:

"அப்பா, அன்னைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் எதுக்கு ரத்தம் எடுத்தாவ?"

"தோணிக்காரன் குடும்பத்து ரத்தத்துல எவ்வளவு உப்பு இருக்குன்னு பாக்கத்தான்!"

விழுந்து விழுந்து சிரித்தாள். "இத ஞானப்பாட்ட சொல்லணும்!" என்றாள்.

சொல்லட்டும். அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அவளோடு சேர்ந்து சிரிப்பானே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான்...

அந்த நல்ல குணத்தின்மேலும் எனக்குப் பொறாமைதான்!